தரவு பெருகினால் கணிதம் எதற்கு? வகுப்பு வாசலில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

யாழ்ப்பாணத்தில் உயர்தர மாணவர்களுக்கு இணைந்த கணிதம் சொல்லிக்கொடுக்கிறேன். கொஞ்சக் காலமாக, வகுப்பு முடிந்து சைக்கிளை எடுக்கப் போகும் நேரத்தில் ஒரே கேள்வி வெவ்வேறு வாய்களில் இருந்து வருகிறது: "சேர், கணினிக்குத் தரவைக் கொடுத்தால் அதுவே எல்லாத்தையும் கண்டுபிடிக்குதாம். பிறகு நாங்கள் ஏன் வகையீடும் தொகையீடும் என்று சாகவேண்டும்?" பெற்றோரும் கேட்கிறார்கள், கொஞ்சம் மரியாதையாக. வாசலில் நின்று அரைகுறையாகச் சொன்ன பதில்களை இங்கே ஆறுதலாக எழுதியிருக்கிறேன்.

பெருந்தரவு என்றால் கனக்கத் தரவு, அவ்வளவுதானா?

அளவும் ஒரு காரணம்தான். ஜெனீவாவுக்குப் பக்கத்தில் நிலத்துக்கு அடியில் இருக்கும் பெரிய ஹாட்ரன் மோதுவியில் செக்கனுக்குச் சுமார் 100 கோடி மோதல்கள் நடக்கின்றன. அத்தனையையும் எழுதிவைக்க இடம் காணாது. பெரும்பகுதியை அந்தக் கணமே கழித்துவிட்டுச் சிறு துளியை மட்டும் வைத்துக்கொள்கிறார்கள். 2025 இல் முதல் படங்களை வெளியிட்ட சிலி நாட்டின் வேரா ரூபின் வான் ஆய்வகம் ஓர் இரவுக்கு ஏறத்தாழ 20 டெராபைட் சேர்க்கும்.

ஆனால் கணிதக்காரருக்குத் தலையிடி தருவது அட்டவணையின் வடிவம். 200 நோயாளிகளின் மரபணுக்களைப் பார்க்கிறோம் என்று வையுங்கள். ஆளுக்குச் சுமார் 20,000 மரபணு. நிரை 200, நிரல் 20,000. சமன்பாடுகளை விடத் தெரியாக் கணியங்கள் கூடினால் என்ன நடக்கும் என்று பத்தாம் வகுப்புப் பிள்ளைக்கும் தெரியும்: ஒரே ஒரு தீர்வோடு நிற்காது, எண்ணிலடங்காத தீர்வுகள் இருக்கும். அதில் எதை எடுப்பது? இந்த இடத்தில்தான் புதிய கணிதம் தொடங்குகிறது.

இன்னொரு மாற்றமும் உண்டு. முன்பு ஒருவர் கேள்வியோடு போய், அந்தக் கேள்விக்காகவே அளந்தார். இப்போது தரவு முதலில் வந்து குவிகிறது. கேள்வி ஆறுதலாகப் பின்னால் வருகிறது.

தரவே பேசும், கோட்பாடு தேவையில்லை என்று யாரோ சொன்னார்களாமே?

சொன்னார்கள். 2008 இல் கிறிஸ் அண்டர்சன் என்ற அமெரிக்க இதழாசிரியர், கோட்பாட்டின் காலம் முடிந்துவிட்டது, இனித் தொடர்புகளைப் பார்த்தாலே போதும் என்ற கருத்தில் ஒரு கட்டுரை எழுதினார். அந்தக் கட்டுரையை இன்றும் மேற்கோள் காட்டுகிறார்கள், பெரும்பாலும் சண்டை பிடிப்பதற்காக.

முழுக்கத் தள்ளிவிடவும் ஏலாது. கெப்லர் செவ்வாயின் பாதை நீள்வட்டம் என்று கண்டது டைக்கோ பிராஹே வருடக்கணக்காக எழுதிவைத்த அளவீடுகளில் இருந்து. 1609 இல் அதை வெளியிட்டபோது ஏன் நீள்வட்டம் என்று அவருக்குச் சரியாகத் தெரியாது. காரணத்தை நியூட்டன் 1687 இல் சொன்னார். இடையில் 78 வருடம் விஞ்ஞானம் வெறும் கோலத்தை வைத்துக்கொண்டே நடந்தது. ஆனால் நியூட்டன் வந்த பிறகுதான் அதே விதி நிலவுக்கும், வற்றுப்பெருக்குக்கும், வால்வெள்ளிக்கும் பொருந்தியது. கெப்லரின் நீள்வட்டத்தை மட்டும் வைத்துக்கொண்டு ஊர்காவற்றுறையில் கடல் எப்போது ஏறும் என்று சொல்ல முடியாது.

விளங்காமலே சரியாகச் சொல்ல முடியுமா?

முடியும். நம் வீட்டுச் சுவரில் தொங்குகிறதே, அதைப் பாருங்கள்.

யாழ்ப்பாணத்தில் ஒவ்வொரு சித்திரையிலும் வருடம் எத்தனை மணிக்குப் பிறக்கிறது என்பதற்கு இரண்டு நேரம் சொல்வார்கள், ஒன்று வாக்கிய பஞ்சாங்கப்படி, மற்றது இன்றைய வானியல் அளவீடுகளைப் பின்பற்றும் திருக்கணித பஞ்சாங்கப்படி. எங்கள் வீட்டில் அம்மா வாக்கியம், அப்பா திருக்கணிதம். மருத்துநீர் வைக்கும் நேரத்தில் நான் நடுநிலை.

இந்த வாக்கியம் என்பது என்ன? சந்திரன் பூமிக்குக் கிட்ட வந்து விலகி மறுபடி கிட்ட வர ஏறத்தாழ 27.55 நாள் எடுக்கும். அப்படி ஒன்பது சுற்றுக்குக் கிட்டத்தட்ட 248 நாள். ஆகவே 248 நாளுக்கும் சந்திரன் எங்கே நிற்கும் என்பதை 248 சிறு வாக்கியங்களாக ஆக்கி வைத்தார்கள். எழுத்துக்கு ஓர் இலக்கம். மனப்பாடம் செய்தால் அட்டவணையே தலைக்குள் இருக்கும். ஈர்ப்பு விதி வேண்டாம், சைன் கோசைன் வேண்டாம். எத்தனையாவது நாள் என்று கண்டு, அந்த வாக்கியத்தை எடுத்து, சில திருத்தங்களைக் கூட்டிக் கழித்தால் போதும்.

1825 இல் ஜோன் வாரன் என்ற அதிகாரி இதைப் பற்றி எழுதியிருக்கிறார். புதுச்சேரியில் ஒரு தமிழ்ப் பஞ்சாங்கக் கணிதர் நிலத்தில் சோழிகளைப் பரப்பி, அட்டவணைகளை மனதில் இருந்தே எடுத்து, அந்த வருடச் சந்திர கிரகணத்தைக் கணித்துக் காட்டினார். தொடக்க நேரத்தில் பிழை 4 நிமிடம். நடு நேரத்தில் 23 நிமிடம், முடிவில் 52 நிமிடம். தாளும் எழுதுகோலும் இல்லாமல்!

இப்போது ஊன்றிக் கவனியுங்கள். அந்தச் சோழிக் கணக்கைச் செய்பவருக்குக் கிரகணம் ஏன் வருகிறது என்று தெரிந்திருக்கத் தேவையில்லை. ஆனால் அந்த 248 வாக்கியங்களையும் முதலில் ஆக்கியவர்களுக்கு மிக நல்ல கணிதம் தெரிந்திருந்தது. அவர்களின் அறிவு அட்டவணைக்குள் உறைந்து போய் இருந்தது. அடுத்தது, அந்தக் காலத்து மாறிலிகளைத் திருத்தாமல் விட்டால் சிறு பிழை வருடாவருடம் சேர்ந்துகொண்டே போகும். வாக்கியத்துக்கும் திருக்கணிதத்துக்கும் இடையே திதி நேரம் முன்பின்னாக வருவது அதனால்தான். பிழை சேர்கிறது என்பதை அட்டவணை தானாகச் சொல்லாது. வானத்தைப் பார்த்து, கணக்கோடு ஒப்பிட்டு, மாறிலியைத் திருத்த வேறு ஆள் வேண்டும்.

இன்றைய இயந்திரக் கற்றலைப் (தரவில் இருந்து கணினி தானே கோலங்களைப் பழகிக்கொள்வது) பற்றி யார் என்ன சொன்னாலும் எனக்கு இந்தச் சோழிதான் ஞாபகம் வருகிறது.

இன்றைய சோழி எது?

முதலில் புரதம். அமினோ அமிலங்கள் சங்கிலியாகக் கோத்த ஒரு புரதம் எந்த வடிவத்தில் மடியும் என்பது உயிரியலின் ஐம்பது வருடக் கேள்வி. ஒரு புரதத்தின் வடிவத்தை ஆய்வுகூடத்தில் கண்டுபிடிக்கச் சில வேளை ஒருவரின் முழுக் கலாநிதிப் பட்டக் காலமே போய்விடும். 1971 இல் தொடங்கிய புரதத் தரவு வங்கியில் இப்படிக் கஷ்டப்பட்டுச் சேர்த்த வடிவங்கள் ஒன்றரை இலட்சத்துக்கு மேல் இருந்தன. அதில் பயின்ற அல்ஃபாஃபோல்ட் என்ற கணினி நிரல் 2020 இல் நடந்த புரத வடிவக் கணிப்புப் போட்டியில் எல்லோரையும் திகைக்க வைத்தது. 2022 இல் 20 கோடிக்கு மேற்பட்ட புரதங்களுக்கு வடிவம் கணித்து வெளியிட்டார்கள். 2024 இல் அதை ஆக்கிய குழுவின் டெமிஸ் ஹசாபிஸ், ஜோன் ஜம்பர் இருவரும் டேவிட் பேக்கரோடு இரசாயனவியல் நோபல் பரிசைப் பகிர்ந்தார்கள்.

இங்கே கணிதம் காணாமல் போய்விட்டதா? உள்ளே போய்ப் பாருங்கள். ஒரு புரதத்தைத் திருப்பி வைத்தாலும், தள்ளி வைத்தாலும் அது அதே புரதம்தான். இந்தச் சமச்சீரை அந்த நிரலின் நரம்பு வலையமைப்புக்குள்ளேயே கட்டியிருக்கிறார்கள். சுழற்சியையும் பெயர்ச்சியையும் கணிதமாக அறிந்தவர் இல்லாமல் அது நடந்திராது. மற்றப் பக்கத்தில், அல்ஃபாஃபோல்ட் கடைசி வடிவத்தைத் தருகிறதே தவிர, சங்கிலி எந்த வழியால் மடிந்து அந்த வடிவத்துக்கு வந்தது என்று சொல்வதில்லை. அந்தக் கேள்வி இன்னும் அப்படியே கிடக்கிறது.

வானிலையையும் தரவே சொல்லிவிடுகிறதாமே? சமன்பாடு தோற்றுவிட்டதா?

இந்தக் கதை எனக்கு மிகவும் பிடித்தது, ஆகவே கொஞ்சம் நீளும்.

முதலாம் உலகப் போரில் அம்புலன்ஸ் ஓட்டிக்கொண்டிருந்த லூயிஸ் ஃப்ரை ரிச்சர்ட்சன் என்ற கணிதவியலாளர், காற்றின் சமன்பாடுகளைக் கையால் தீர்த்து ஆறு மணி நேர வானிலையைக் கணிக்கப் பார்த்தார். விடை படு பிழை. அமுக்கம் ஆறு மணி நேரத்தில் 145 ஹெக்டோபாஸ்கல் ஏறும் என்று வந்தது. உண்மையில் அன்று அமுக்கம் ஏறக்குறைய அசையவே இல்லை. அவர் அதை மறைக்காமல் 1922 இல் புத்தகமாகவே போட்டார். (என்னுடைய மாணவர்கள் பிழையான விடையை அழிறப்பர் கொண்டு தேய்ப்பதைப் பார்க்கும்போது இவரை நினைத்துக்கொள்வேன்.) பிறகு கணினி வந்தது, அதே சமன்பாட்டு வழி வென்றது. அண்மைக்காலம் வரை உலகத்தின் வானிலை எதிர்வுகூறல் முழுக்க அந்த வழிதான்.

2023 இல் கூகுள் டீப்மைண்ட் வெளியிட்ட கிராஃப்காஸ்ட் என்ற கற்றல் மாதிரியுரு, சமன்பாடு எதையும் தீர்க்காமல் பத்து நாள் வானிலையை ஒரு நிமிடத்துக்குள் சொன்னது. பல அளவைகளில் பெரிய மையங்களின் சமன்பாட்டு மாதிரியுருக்களை விட நன்றாகவே சொன்னது. 2025 இல் ஐரோப்பிய வானிலை மையமே தன்னுடைய சொந்தக் கற்றல் மாதிரியுரு ஒன்றை அன்றாட வேலைக்கு எடுத்துக்கொண்டது.

சரி, அப்ப சமன்பாடு தோற்றதா? கிராஃப்காஸ்ட் எதில் பயின்றது என்று கேளுங்கள். 1979 முதல் 2017 வரையான 39 வருட ஈஆர்ஏ5 தரவில். அது வெப்பமானி காட்டிய வெறும் எண்களின் குவியல் என்று நினைக்கவேண்டாம். நடுச் சமுத்திரத்துக்கு மேலே பத்துக் கிலோமீற்றர் உயரத்தில் யார் வெப்பமானி கட்டினார்கள்? அங்கொன்றும் இங்கொன்றுமாகக் கிடைத்த அளவீடுகளைப் பௌதிகச் சமன்பாடுகளோடு பொருத்தி, இடைவெளி முழுவதையும் நிரப்பி ஆக்கிய தரவு அது. ரிச்சர்ட்சனின் சமன்பாடுகள் அதற்குள் உறைந்திருக்கின்றன, வாக்கியத்துக்குள் சந்திரன் உறைந்தது போல.

என்னுடைய பயம் ஒன்று. 2008 நவம்பர் நிஷா புயல் நாட்களை மறந்திருக்க மாட்டீர்கள். அப்படியான மழை தரவில் மிக அரிதாகவே வரும். முன்பு காணாததைப் பற்றிச் சொல்ல, கண்டதை மட்டும் வைத்துப் பழகிய கருவியை எவ்வளவு நம்பலாம்? சமன்பாட்டுக்குத் தன் வாழ்க்கையில் புயலைப் பார்த்திருக்கத் தேவையில்லை. பொருள் எங்கேயும் காணாமல் போகாது, சக்தி எங்கேயும் சும்மா வராது என்று அதற்குத் தெரியும். இரண்டையும் கோத்து, பௌதிகத்தை ஒரு பகுதியாகவும் கற்றலை மற்றப் பகுதியாகவும் வைக்கும் கலப்பு மாதிரியுருக்கள் இப்போது வருகின்றன. என் பந்தயம் அவற்றின் மேல்தான்.

தரவு கூடினால் பிழை குறையும் என்று நீங்கள்தானே புள்ளிவிபரவியலில் படிப்பித்தீர்கள்?

படிப்பித்தேன். அதோடு ஒரு நிபந்தனையும் சொன்னேன், அதை யாரும் கொப்பியில் எழுதவில்லை.

ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பார்கள். பானை எவ்வளவு பெரிதானாலும் ஒரு சோறு போதும் என்பது இதில் உள்ள ஆழமான கணிதம். ஆனால் அடுப்பில் ஒரு பக்கம் மட்டும் எரிந்து, சோறும் கிளறப்படாமல் இருந்தால்? வெந்த பக்கத்தில் இருந்து ஒரு அகப்பை நிறைய அள்ளிப் பார்த்தாலும் மற்றப் பக்கத்து அரிசியைப் பற்றி ஒன்றும் தெரியாது. அகப்பையைப் பெரிதாக்கினால் நம்பிக்கை கூடும், அறிவு கூடாது.

இதற்கு அளந்து காட்டிய உதாரணம் உண்டு. 2021 இல் அமெரிக்காவில் கொவிட் தடுப்பூசி எத்தனை பேர் போட்டார்கள் என்று ஃபேஸ்புக் வழியாக ஒரு கருத்துக்கணிப்பு நடந்தது. வாரம் ஒன்றுக்குச் சுமார் இரண்டரை இலட்சம் பேர் பதில் சொன்னார்கள். அந்த வருடம் மே மாதத்தில் அது காட்டிய வீதம் உண்மையை விட 17 சதவீதப் புள்ளிகள் கூட. பின்னர் கணக்குப் பார்த்த புள்ளிவிபரவியலாளர்கள் சொன்னது இன்னும் பயங்கரம்: ஒழுங்கான எழுமாற்று முறையில் பத்தே பத்துப் பேரைக் கேட்டிருந்தாலும் ஏறக்குறைய அதே அளவு செம்மைதான் கிடைத்திருக்கும். இரண்டரை இலட்சம் பத்தாகச் சுருங்கிவிட்டது. பதில் சொல்ல மனம் வந்தவர்களும் தடுப்பூசி போட மனம் வந்தவர்களும் கொஞ்சம் ஒரே ஆட்களாக இருந்ததுதான் காரணம். அந்தக் 'கொஞ்சம்' எவ்வளவு என்று அளக்கும் சூத்திரம் 2018 இல்தான் வந்தது, சியாவ் லி மெங் என்பவரிடம் இருந்து. பெருந்தரவுக் காலத்தின் கணிதம் என்றால் எனக்கு முதலில் நினைவு வருவது அதுதான்.

நம் ஊர் உதாரணமும் இருக்கிறது. பல்கலைக்கழக அனுமதியைத் தீர்மானிக்கும் இசட் புள்ளி என்றால் யாழ்ப்பாணத்தில் ஆச்சிமாருக்கும் தெரியும். புள்ளியில் இருந்து இடையை (சராசரியை) கழித்து நியம விலகலால் பிரிப்பது, அவ்வளவுதான். 2011 உயர்தரப் பரீட்சையில் பழைய பாடத்திட்டத்திலும் புதிய பாடத்திட்டத்திலும் பிள்ளைகள் தோற்றினார்கள். இரண்டு கூட்டத்தையும் சேர்த்து இசட் புள்ளி கணித்தது வழக்குக்குப் போனது. இரண்டும் வேறு வேறு கூட்டங்கள், தனித்தனியாகக் கணிக்கவேண்டும் என்று 2012 இல் உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. கழித்தல், பிரித்தல் எதிலும் சிக்கல் இல்லை. எதன் இடை, எந்தக் கூட்டத்தின் விலகல் என்பதுதான் கேள்வி. பிள்ளைகளின் எதிர்காலம் அந்தக் கேள்வியில் தொங்கியது. இடைகளைக் கலக்கக்கூடாது என்று நான் வகுப்பில் தொண்டை கிழியக் கத்துவது ஏன் என்று இப்போது விளங்குகிறதா?

ஆனால் தரவில் உண்மையாகவே ஒரு கோலம் தெரிந்தால்?

தெரியத்தான் செய்யும். தெரியாமல் இருக்க முடியாது, அதுதான் பிரச்சினை.

ஒரு விளையாட்டு. ஒரு நாளுக்கு மழை அல்லது வெயில், இரண்டில் ஒன்று என்று வையுங்கள். சம இடைவெளியில் மூன்று நாட்கள் (உதாரணமாக 2, 5, 8 ஆம் நாட்கள்) ஒரே மாதிரி வரக்கூடாது. எத்தனை நாளுக்கு இப்படித் தாக்குப்பிடிக்கலாம்? எட்டு நாள் முடியும்: மழை, வெயில், வெயில், மழை, மழை, வெயில், வெயில், மழை. ஒன்பதாம் நாள்? மழை பெய்தால் 1, 5, 9 மூன்றும் மழை. வெயில் அடித்தால் 3, 6, 9 மூன்றும் வெயில். வேறு எப்படி மாற்றி அடுக்கினாலும் ஒன்பதில் மாட்டிவிடுவீர்கள். இது வான் டெர் வார்டன் 1927 இல் நிறுவிய தேற்றத்தின் மிகச் சிறிய வடிவம். நாணயத்தைச் சுண்டி எழுதிய நிரலானாலும் போதிய நீளம் இருந்தால் ஒழுங்கு தானாகவே வந்து நிற்கும். அதற்குப் பின்னால் காரணம் எதுவும் இருக்கவேண்டியதில்லை.

காகம் இருக்கப் பனம்பழம் விழுந்த கதையை நம் ஆட்கள் எப்போதோ சொல்லிவிட்டார்கள். பெருந்தரவு என்றால் பல கோடிக் காகம், பல கோடிப் பனம்பழம். 1,000 மாறிகளை எடுத்து, 5 சதவீத அளவில் (நூறில் ஐந்து தடவை தற்செயல் ஏமாற்றலாம் என்று விட்டு) சோதித்தால், ஒன்றிலும் உண்மையான தொடர்பு இல்லாவிட்டாலும் சராசரியாக 50 'கண்டுபிடிப்பு' வரும். கூகுள் 2008 இல் தொடங்கிய காய்ச்சல் கணிப்பு, 5 கோடித் தேடற்சொற்களைச் சலித்து 45 ஐ எடுத்து, அமெரிக்காவில் இன்ஃபுளுவன்சா எவ்வளவு என்று சொன்னது. முதலில் அபாரம் என்றார்கள். 2012-13 குளிர்காலத்தில் உண்மையைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு காட்டியது. பிடித்த சொற்களில் பல காய்ச்சலோடு அல்ல, குளிர்காலத்தோடு ஏறி இறங்கியவை. 2015 இல் மூடிவிட்டார்கள்.

யாழ்ப்பாணத்துக் கிணறுகளுக்கு இதனால் என்ன?

இதைக் கேட்ட பிள்ளை இப்போது நீரியல் படிக்கிறாள்.

நமக்கு ஆறு கிடையாது (வழுக்கியாறு மழைக்கு மட்டும்). குடிப்பது பெரும்பாலும் சுண்ணக்கல்லுக்குள் தேங்கும் மழைநீர். அது கடல்நீரின் மேல் மிதக்கிறது. எவ்வளவு ஆழத்துக்கு நன்னீர் இருக்கும்? நன்னீரின் அடர்த்தி 1.000, கடல்நீரின் அடர்த்தி 1.025. இரண்டு பக்கமும் அமுக்கத்தைச் சமன் செய்யுங்கள், நாலு வரிக் கணக்கு. கடல் மட்டத்துக்கு மேல் நிற்கும் நீர்மட்டத்தைப் போல 40 மடங்கு ஆழத்துக்குக் கீழே நன்னீர் இருக்கும் என்று வரும். மட்டம் ஒரு மீற்றர் என்றால் கீழே 40 மீற்றர். மோட்டர் போட்டு இறைத்து மட்டத்தை அரை மீற்றர் இறக்கினால், காலப்போக்கில் உவர்நீர் 20 மீற்றர் ஏறப் பார்க்கும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் கண்ட விடயம் இது. ஒரு தரவும் இல்லாமல், அடர்த்தி இரண்டையும் மட்டும் வைத்து இவ்வளவு தெரிகிறது. இதைத் தரவில் இருந்து கண்டுபிடிக்க எத்தனை கிணறு உவராகிப் போகவேண்டும் என்று யோசியுங்கள்.

ஆனால் நேர்மையாகச் சொன்னால், இந்தச் சமன்பாடு கல்லை ஒரே சீரான சல்லடை போல நினைக்கிறது. நம் சுண்ணக்கல் அப்படி இல்லை. வெடிப்பும் குகையும் சுரங்கமுமாக நீர் ஓடுகிறது. நிலாவரைக் கிணற்றைப் போய்ப் பார்த்தவர்களுக்குத் தெரியும். மணலில் நீர் ஓடுவதற்கு 1856 இல் டார்சி கண்ட விதி குகைக்குள் செல்லாது. ஒரு தோட்டத்தில் போட்ட உரத்தின் நைத்திரேற்று எந்தக் கிணற்றில் தலைகாட்டும் என்பதைச் சமன்பாடு மட்டும் வைத்துச் சொல்ல ஏலாது. இங்கே நூற்றுக்கணக்கான கிணறுகளின் தொடர்ச்சியான தரவு வேண்டும், அதைச் சலிக்கும் புதிய முறைகளும் வேண்டும். ஒரே ஊர், ஒரே நீர். ஒரு கேள்விக்கு நாலு வரிக் கணிதம் போதும், மற்றதற்குத் தரவு இல்லாமல் அசைய முடியாது. எது எந்தக் கேள்வி என்று பிரிக்கத் தெரிந்தவருக்குத்தான் இனி மதிப்பு.

குறைந்த தரவில் பெரிதாக எதுவும் செய்த நம்மவர்கள் இருக்கிறார்களா?

களிமண்ணைப் பற்றிக் கேம்பிரிட்ஜில் செய்த ஆய்வில் இருந்து 1963 இல் வெளிவந்த ரோஸ்கோ, ஸ்கோஃபீல்ட், துரைராஜா மூவரின் கட்டுரையைச் சொல்வேன். மூன்றாமவர் வடமராட்சியைச் சேர்ந்த அழகையா துரைராஜா, பின்னாளில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத் துணைவேந்தர். பாரம் ஏற்றும்போது களிமண் எப்படி இளகி உருமாறும் என்பதை, ஆய்வுகூடத்தில் அளக்கக்கூடிய சில மாறிலிகளைக் கொண்டு சொல்லும் 'கேம் களி' மாதிரியுரு அந்த வேலையில் இருந்து வந்தது. இன்று மண்ணுக்கும் நரம்பு வலையமைப்புப் போடுகிறார்கள். அது சொல்வது சரியா என்று உரசிப் பார்க்கும் கல்லாக இன்றும் அந்த மாதிரியுருதான் பல இடங்களில் இருக்கிறது.

அப்ப எந்தக் கணிதத்தைப் படிக்க?

தாயம் (அணி, matrix). தாயத்தைச் சோதனைக்கு இலகுவான கேள்வி என்று ஒதுக்காதீர்கள். நிரையும் நிரலுமான எந்தத் தரவும் ஒரு தாயம்தான். பிறகு நிகழ்தகவு, அதை எத்தனை சொன்னாலும் காணாது. வகையீட்டில் சங்கிலி விதியை நன்றாகப் பிடியுங்கள். நரம்பு வலையமைப்பைப் பயிற்றுவது என்பது அந்தச் சங்கிலி விதியைக் கோடிக்கணக்கான தடவை போடுவதுதான். சரிவு எந்தப் பக்கம் என்று பார்த்து ஒரு எட்டு இறங்கு, மறுபடி பார், மறுபடி இறங்கு என்ற முறை கோஷி 1847 இல் சொன்னது.

அதற்கு அப்பால் ஒரு விநோத உலகம் உண்டு: உயர் பரிமாணக் கேத்திரகணிதம். தளத்தில் எழுமாறாக இரண்டு காவிகளை (திசையுள்ள அம்புகளை) வரைந்தால் கோணம் எதுவாகவும் இருக்கலாம். பத்தாயிரம் பரிமாணத்தில் வரைந்தால் அவை ஏறக்குறைய எப்போதும் செங்குத்து. புள்ளிகளுக்கு இடையிலான தூரங்களும் கிட்டத்தட்ட ஒன்றாகிவிடும், 'பக்கத்தில்' என்ற சொல்லே பொருள் இழக்கும். ரிச்சர்ட் பெல்மன் இதைப் பரிமாணச் சாபம் என்றார். சாபம் சில வேளை வரமாகும். 2004 முதல் 2006 வரை டெரன்ஸ் டாவோ, கன்டேஸ், ரோம்பேர்க், டொனஹோ ஆகியோர் செய்த வேலை, படத்துக்குள் உண்மையான தகவல் ஐதாக (அங்கொன்றும் இங்கொன்றுமாக) இருந்தால் வழக்கத்தை விட மிகக் குறைந்த அளவீடுகளில் இருந்தே முழுப் படத்தையும் மீட்கலாம் என்று நிறுவியது. எம்.ஆர்.ஐ. குழாய்க்குள் அசையாமல் படுக்கவேண்டிய நேரம் குறைந்ததில் இந்தத் தேற்றங்களுக்குப் பங்குண்டு. எல்லோரும் தரவு கூட்டும் காலத்தில், குறைவான தரவே போதும் என்று சொன்னதும் கணிதம்தான்.

தூய கணிதத்துக்கும் தரவு வந்துவிட்டதா?

எப்போதுமே இருந்தது. காவுஸ் பதினைந்து பதினாறு வயதில் முதன்மை எண் அட்டவணையைப் பார்த்தே அவை எவ்வளவு ஐதாகின்றன என்று ஊகித்தார். நிறுவல் 1896 இல்தான் வந்தது.

அதே ஊகத்தில் ஒரு பாடம் இருக்கிறது. அந்த வழியில் வந்த தொகையீட்டுச் சூத்திரம் ஒன்று, ஓர் எண்ணுக்குக் கீழே எத்தனை முதன்மை எண்கள் என்று கேட்டால், உண்மையை விடக் கொஞ்சம் கூட்டியே சொல்லும். கணினியில் எண்ணிப் பார்த்த இடம் முழுவதும் அப்படித்தான், ஒரு விதிவிலக்குக்கூட அகப்படவில்லை. தரவை மட்டும் நம்புபவர் இதை விதி என்று எழுதிவிடுவார். ஆனால் 1914 இல் லிட்டில்வுட், அந்த ஒழுங்கு எங்கோ புரளும், முடிவில்லாத தடவை புரளும் என்று நிறுவினார். முதலாவது புரள்வு 10 இன் 316 ஆம் வலுவை ஒட்டிய ஓர் எண்ணுக்குள் நடக்கும் என்பது இன்றைய மதிப்பீடு. பிரபஞ்சத்தில் நாம் காணக்கூடிய அணுக்களின் எண்ணிக்கை 10 இன் 80 ஆம் வலு அளவில்தான். எந்தக் கணினியும் எண்ணிக்கொண்டே போய் அங்கே சேராது.

பெரிய கணினி இல்லாமல் இங்கேயிருந்து என்ன செய்யலாம்?

புரத வடிவங்களும் ஈஆர்ஏ5 வானிலைத் தரவும் இலவசம், மடிகணினியும் இணைப்பும் போதும். ஆனால் உலகத்தில் யாரிடமும் இல்லாத தரவு உங்கள் வளவுக் கிணறு. ஒரு அளவு நாடா, நீரின் கடத்துதிறனை அளக்கும் சின்னக் கருவி, ஒரு கொப்பி.

என்னுடைய இரண்டு மாணவர்கள் ஒரு வருடம் இதைச் செய்தார்கள், ஒருவன் கோப்பாயில், மற்றவன் சுன்னாகத்தில். படம் வரைந்தபோது கோப்பாயில் நீர்மட்டம் தொடர்ந்து தாழ்வாக நின்றது. பெரிய கண்டுபிடிப்பு என்று துள்ளினார்கள். விசாரித்தால், சுன்னாகத்துப் பிள்ளை விடிய எழும்பியதும் அளந்திருக்கிறான். கோப்பாய்ப் பிள்ளை ரியூசன் முடிந்து வந்து, பக்கத்துத் தோட்டத்து வெங்காயத்துக்கு நீர் இறைத்து ஓய்ந்த பிறகு அளந்திருக்கிறான். ஒரு வருடக் கொப்பி. ஊர்களின் வித்தியாசம் எவ்வளவு, மோட்டரின் வித்தியாசம் எவ்வளவு என்று இனி எந்தக் கணினியாலும் பிரிக்க ஏலாது.

நீங்கள் தொடங்குவதாக இருந்தால் திகதியோடு நேரத்தையும், கடைசியாக மோட்டர் எப்போது ஓடியது என்பதையும் எழுதுங்கள். பக்கத்து வளவு மோட்டரையும் சேர்த்து.